பெயர் நீக்கமா, ஆள் நீக்கமா?

2023 ஆடியில் அம்மாவின் ஃபோன் வேலைநிறுத்தம் செய்தது. இரண்டு நாள் லீவில் கும்பகோணம் போயிருந்தேன், காபி டம்ளரைக் கொடுத்த கையோடு ஃபோனையும் கொடுத்து, "கேமராவைத் தொட்டாலே இங்கிலீஷ்ல ஏதோ திட்டுது, என்னன்னு பாருடா" என்றாள் அம்மா. வேறென்ன, இடமில்லை. 64 ஜிபி ஃபோன், அதில் பாதிக்கு மேல் ரோஜாப்பூவும் சூரிய உதயமும் காலை வணக்கமும் இரவு வணக்கமும் வேல் வைத்த முருகனும், ஒரே முருகன் ஏழு பேர் அனுப்பியதால் ஏழு முருகனாகவும். நடுநடுவே கேஸ் புக்கிங் ஸ்க்ரீன்ஷாட், மாத்திரை அட்டை, தெரியாமல் எடுத்த தரை.

அதற்குள்ளேதான் கோலங்களும் இருந்தன. 2020 மார்கழியில், யாரும் யார் வீட்டுக்கும் போகாத அந்த வருஷத்தில், தினமும் காலையில் வாசலில் போட்ட கோலத்தை ஃபோனில் எடுத்து பெரியம்மாவுக்கு அனுப்புவதை அம்மா பழக்கமாக்கிக் கொண்டாள். அது 2021, 2022 மார்கழிகளிலும் தொடர்ந்தது. மூன்று மார்கழி, சுமார் 90 கோலம். இவை எல்லாம் ஆன்லைனில் ஏறிவிட்டன என்று எனக்குத் தெரியும், ஏற்றிவிடும் செயலியை நிறுவியதே நான்தான். அதனால் திண்ணையில் உட்கார்ந்து முருகன்களை விரலால் இழுத்து இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது வழியில் வந்த கோலங்களையும் சேர்த்தே டிக் செய்தேன். மேலேதான் இருக்கிறதே, ஃபோனில் இருந்துதானே போகப்போகிறது. கடைசியில் ஏதோ ஒரு கேள்வி கேட்டது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தை எவன் படிக்கிறான், அதுபோல நானும் படிக்காமல் சரி என்று தட்டினேன். குப்பைத்தொட்டிக்குப் போயும் இடம் திரும்பவில்லை என்பதால் தொட்டியையும் காலி செய்தேன். ஃபோன் பறக்க ஆரம்பித்தது. அடுத்த தெருவில் இருந்து வந்த பெரியம்மாவும் தன் ஃபோனை நீட்டினாள், அதையும் அப்படியே சுத்தம் செய்து கொடுத்தேன், வடை கிடைத்தது.

டிசம்பரில் மார்கழி பிறப்பதற்கு முந்தின ராத்திரி அம்மாவிடமிருந்து ஃபோன். "போன வருஷம் மொத நாள் என்ன போட்டேன்னு பாக்கலாம்னு தேடறேன், ஒண்ணையும் காணுமே."

இங்கே என்னைப் பற்றி ஒரு வெட்கக்கேடான விவரம் சொல்ல வேண்டும். நான் படம் எடுக்கிறவன். பிழைப்புக்கு இல்லை, ஆனால் பத்து வருஷத்துக்கு மேலாக, படங்களை அடுக்கித் திருத்தும் அடோபியின் லைட்ரூம் என்ற மென்பொருளில் கோயில் திருவிழாவும் தேரும் கல்யாணமுமாக ஆயிரக்கணக்கான படங்களை வைத்து மேய்க்கிறவன். நீக்குதல் என்றால் ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவன். அந்த வகுப்பு திண்ணையில் எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்த வகுப்பு என்னவென்றால், ரேஷன் கார்டு. வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் தாலுகா ஆபீஸுக்குப் போய் பெயர் நீக்கம் செய்கிறோம். பெண் எங்கும் போய்விடவில்லை, மாமியார் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள், நம் கார்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான். படங்களை நிர்வகிக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை கார்டுதான், பெண் இல்லை. லைட்ரூம் கிளாசிக்கில் படங்கள் உங்கள் ஹார்டு டிஸ்கில் ஏதோ ஒரு கோப்புறையில் கிடக்கும். லைட்ரூம் வைத்திருப்பது கேட்டலாக் என்ற ஒரு பதிவேடு. உண்மையில் அது எஸ்கியூலைட் என்ற வகை டேட்டாபேஸ் கோப்பு. எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதற்கு எத்தனை நட்சத்திரம், எவ்வளவு வெளிச்சம் கூட்டினீர்கள், எங்கே வெட்டினீர்கள் என்பதெல்லாம் அதில்தான். அதனால்தான் டிலீட் விசையை அழுத்தினால் அது திருப்பிக் கேட்கிறது: டிஸ்கிலிருந்தே நீக்கவா, இல்லை லைட்ரூமிலிருந்து மட்டும் எடுத்துவிடவா. முதல் பொத்தான் ஆள் நீக்கம், இரண்டாவது பெயர் நீக்கம்.

புதிதாக வருகிறவர்கள் ஆள் நீக்கத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். என் அனுபவத்தில் அதிகம் பேரை அழவைத்தது பெயர் நீக்கம். நண்பர் ஒருவர் தன் தங்கை கல்யாணப் படங்கள் 600ஐ ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தினார். அப்புறம் லைட்ரூம் மெதுவாக இருக்கிறது என்று கேட்டலாக்கிலிருந்து மட்டும் அவற்றை எடுத்துவிட்டார், படம் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறதே என்று. இருந்தது. ஆனால் ஒரு வார உழைப்பு பதிவேட்டில் அல்லவா இருந்தது. மறுபடி உள்ளே கொண்டுவந்தபோது கேமராவில் எடுத்தபடியே, அதே மங்கலோடு, பச்சைப் பிள்ளைகளாக வந்து நின்றன. திருத்தங்களைப் படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பிலும் எழுதிவைக்கும் வசதி லைட்ரூமில் உண்டு, அதை அவர் போட்டு வைக்கவில்லை. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறுப்பான பிள்ளை. பட்டியலிலிருந்து படத்தை எடுத்தாலும் பக்கத்தில் எழுதிய எக்ஸ்எம்பியைத் தொடாது, திரும்பக் கொண்டுவந்தால் செய்த வேலையும் கூடவே வரும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. லைட்ரூமைத் தொடாமல் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரிலேயே படத்தை அழித்துவிடுவது. அப்போது கார்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். படத்தின் மூலையில் ஓர் ஆச்சரியக்குறி மட்டும் வந்து நிற்கும். ஆனால் படம் திரையில் தெரியும்! ஏனென்றால் முன்னோட்டப் படங்களை லைட்ரூம் தனியாக எடுத்து வைத்திருக்கிறது. தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பிரிண்ட் போட எடுக்கும் நாளில்தான் வெறும் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தது புரியும்.

ஆல்பம் விவகாரம் இன்னொன்று. லைட்ரூமில் கலெக்‌ஷன் என்று பெயர். கலெக்‌ஷனுக்குள் நின்று டிலீட் அழுத்தினால் எந்தக் கேள்வியும் கேட்காமல் படம் மறையும், ஆனால் கலெக்‌ஷனிலிருந்து மட்டும்தான். அதே படம், அதே விசை, நிற்கும் இடம் கோப்புறையாக இருந்தால் கேள்வி வரும். பிக்காசாவிலும் இதே கதைதான். 2004இல் கூகுள் வாங்கி, இலவசமாகக் கொடுத்து, 2016இல் நிறுத்திவிட்ட மென்பொருள், எங்கள் தலைமுறைக்கு முதல் படப்பெட்டி அதுதான். அதில் ஆல்பத்தில் நின்று நீக்கினால் ஆல்பத்தை விட்டு மட்டும் போகும், கோப்புறையில் நின்று நீக்கினால் கோப்பே ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். ஆல்பமும் கோப்புறையும் இடதுபக்கம் ஒரே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. சித்தப்பா ஒருவர் இது புரியாமல், நீக்கியும் ஒழியவில்லை என்று ஒரே படத்தை மூன்று முறை நீக்கி மூன்றாம் முறை கோப்புறையில் நின்றுவிட்டார்.

ஐபோனில் இதைக் கொஞ்சம் நேர்மையாகச் செய்திருக்கிறார்கள். ஆல்பத்துக்குள் குப்பைத்தொட்டியைத் தொட்டால் ஆல்பத்திலிருந்து எடுக்கவா, நீக்கவா என்று இரண்டையும் வாய்விட்டுக் கேட்கும்.

சரி, ஆள் நீக்கமே செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஆள் உடனே போவதில்லை. எல்லா இடத்திலும் நடுவே ஒரு திண்ணை இருக்கிறது. டிஜிகேம் என்று ஒரு இலவச மென்பொருள், லினக்ஸ்காரர்களின் செல்லம். அது 2016இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து கணினியின் குப்பைத்தொட்டியை நம்பாமல் தனக்கென்று ஒரு தொட்டி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு படச் சேகரிப்பின் தலைக்கோப்புறையிலும் டிட்ராஷ் என்று புள்ளியில் தொடங்கும் பெயரோடு, அதனால் கண்ணில் படாமல், ஒரு கோப்புறை. நீக்கிய படம் அதற்குள் போகும், அது முன்பு எங்கே இருந்தது என்ற குறிப்பு பக்கத்திலேயே இன்னொரு கோப்பில். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. படம் அதே டிஸ்கில் பக்கத்து அறைக்கு மாறுகிறது, அவ்வளவுதான், 50 எம்பி கோப்பாக இருந்தாலும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் டிஸ்க் ஒரு எம்பி கூடக் காலியாகாது. 40 ஜிபி நீக்கினேன், இடமே வரவில்லை என்று மன்றங்களில் புலம்புகிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கத்து அறையைப் பார்க்காதவர்கள்.

ஆண்ட்ராய்டும் 2020இல் வந்த 11ஆம் பதிப்பில் படங்களுக்கென்று சிஸ்டம் அளவிலேயே ஒரு தொட்டி கொண்டுவந்தது. அது செய்யும் வேலை எளிது. கோப்பின் பெயருக்கு முன்னால் ட்ராஷ்டு என்று ஒரு சொல்லும், எந்த நேரத்தில் சாக வேண்டும் என்ற எண்ணும் ஒட்டிவிடும். கெடு வழக்கமாக 30 நாள். பெயரிலேயே சாவு தேதி எழுதிய கோப்பு! முதல் முறை பார்த்தபோது கொஞ்சம் திக்கென்று இருந்தது. கூகுள் ஃபோட்டோஸில் மேலே ஏறிவிட்ட படத்துக்கு 60 நாள், ஏறாததற்கு 30 நாள். ஆப்பிளில் 30 நாள், சில சமயம் 40 வரை இழுக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். லைட்ரூமின் மேகப் பதிப்பில், அதாவது படங்களை ஆன்லைனில் வைக்கும் பதிப்பில், 60 நாள். நெட்வொர்க் டிரைவில் இருக்கும் படத்தை விண்டோஸிலிருந்து நீக்கினால் மட்டும் திண்ணையே கிடையாது, நேராகத் தெரு, வீட்டு நெட்வொர்க்கில் டிஸ்க்கை மாட்டிவைக்கும் நாஸ் பெட்டி வாங்கி வைத்தவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 30, 60 எல்லாம் யாரை மனதில் வைத்து நிர்ணயித்தார்களோ தெரியாது, என் அம்மாவை வைத்து இல்லை. ஒரு படம் போய்விட்டது என்று மனிதர்களுக்கு எப்போது தெரிகிறது? அதைத் தேடும்போது. மார்கழிக் கோலத்தை யாரும் ஆவணியில் தேடுவதில்லை. பொங்கல் படத்தைப் பொங்கலுக்குத் தேடுவோம், பிறந்தநாள் படத்தை அடுத்த பிறந்தநாளில். நமக்கு நினைவு வருஷக் கணக்கில் சுற்றுகிறது, தொட்டியோ மாதக் கணக்கில் காலியாகிறது. 400 நாள் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டால் இடம், காசு என்பார்கள், நியாயம்தான், ஆனாலும் காசு கட்டி இடம் வாங்கியவர்களுக்காவது அந்தக் கெடுவை நீட்டிக்கொள்ள ஒரு வழி வைக்கலாம். நம் வீட்டிலேயே சர்வர் வைத்து ஓட்டும் இம்மிச் என்ற படச் செயலியில் தொட்டிக்கு எத்தனை நாள் என்று நாமே எழுதிக்கொள்ளலாம், பேசாமல் விட்டால் 30. என்னுடையதில் இப்போது 400 என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். மேகத்தோடு பேசும் படச் செயலிகளில் இரண்டு நீக்கங்கள் இருக்கின்றன, வேலை நேரெதிர். ஒன்று, ஃபோனில் இடத்தைக் காலி செய்வது. எந்தப் படமெல்லாம் மேலே பத்திரமாக ஏறிவிட்டது என்று சரிபார்த்து, ஃபோனில் இருக்கும் பிரதியை மட்டும் எடுக்கும். இன்னொன்று வெறும் நீக்கு. அது மேலே, கீழே, அண்ணன் டேப்லெட்டில், எங்கெல்லாம் அந்தக் கணக்கு திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் எடுக்கும். ஒத்திசைவு என்று சொல்கிறோமே, அதன் பொருளே அதுதான்: இங்கே நடப்பது அங்கேயும் நடக்கும். சேர்ப்பது ஒத்திசையும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது, அழிப்பதும் அதே ஒழுங்கோடு ஒத்திசையும் என்பது நமக்கு உறைப்பதில்லை. பிரதி இருக்கிறது என்றே நினைக்கிறோம். அது பிரதி இல்லை, கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் பொட்டை அழித்துவிட்டு, உள்ளே இருப்பவள் நெற்றியில் பொட்டு இருக்கும் என்று நம்பினால் எப்படி.

எனக்கு இந்தக் குழப்பம் வந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது, சாக்குதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரியில் அம்மாவுக்குப் புது ஃபோன் வாங்கியபோது, பழைய ஃபோனில் இடத்தைக் காலி செய்வதைத்தான் செய்தேன். அது சொன்னபடி ஃபோனின் மெமரி கார்டில் இருந்ததை மட்டும் அழித்தது, மேலே அப்படியே இருந்தது, அம்மா புது ஃபோனில் எல்லாவற்றையும் பார்த்தாள். ஆக, அந்தச் செயலியில் அழித்தால் மேலே இருக்கும் என்று கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இரண்டரை வருஷம் கழித்து அதே கை வேறு பொத்தானைத் தொட்டது. இதில் செயலியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அது கேட்டது, நான் படிக்கவில்லை.

மேலே போனதை மீட்கவே முடியாதா என்று மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அப்போது படித்ததில் சில சுவாரசியமானவை. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2010இல் ஹேஸ்டாக் என்ற தங்கள் படக்கிடங்கைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள், அப்போதே 6,500 கோடி படங்கள், ஒவ்வொன்றும் நாலு அளவில். வைக்கோற்போர் என்று பெயர் வைத்ததால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஊசி என்று பெயர். யாராவது படத்தை நீக்கினால் ஊசியை உருவி எடுப்பதில்லை, ஊசியின் மேல் 'நீக்கப்பட்டது' என்று ஒரு கொடி மட்டும் குத்துவார்கள். அப்புறம் சாவகாசமாக, உயிரோடு இருக்கும் ஊசிகளை மட்டும் ஒரு புதுப் போருக்கு மாற்றிவிட்டுப் பழைய போரைத் தூக்கி எறிவார்கள். ஏற்றிய படங்களில் சுமார் 25 சதவீதம் ஒரு வருஷத்துக்குள் நீக்கப்பட்டுவிடும் என்றும், புதிய படங்கள்தான் அதிகம் நீக்கப்படுகின்றன என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. நாலில் ஒன்று! ஏற்றிய பத்தாம் நிமிஷம் 'ஐயோ முகம் சரியில்லை' என்று எடுப்பது உலகம் முழுக்கத்தான் போலிருக்கிறது.

நீக்கியது போகாமல் நின்ற கதைகளும் உண்டு. ஃபேஸ்புக்கில் நீக்கிய படத்தின் நேரடி முகவரி கையில் இருந்தால் படம் தொடர்ந்து திறந்தது என்று 2009இல் ஒரு தொழில்நுட்பத் தளம் எழுதியது, அவர்கள் அதைச் சரிசெய்து முடிக்க 2012 ஆயிற்று. ஆப்பிளின் ஐஓஎஸ் 17.5 வந்த 2024 மே மாதத்தில், சிலருக்கு வருஷங்களுக்கு முன் நீக்கிய படங்கள் திடீரென்று கேலரியில் எழுந்து வந்தன. டேட்டாபேஸ் சிதைவு, அரிதானது என்று சொல்லி 17.5.1ஐ விட்டு அடைத்தார்கள். வந்தவை என்னென்ன படங்களாக இருந்திருக்கும், யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்திருக்கும் என்றெல்லாம் நினைத்தால் சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகிறது. நேர்மாறாக, 2020 ஆகஸ்டில் ஐபோனுக்கான லைட்ரூம் 5.4க்கு மாறியவர்களில் மேகத்தில் ஏற்றாமல் வைத்திருந்தவர்களின் படங்கள், யாரும் நீக்கு என்று சொல்லாமலே போயின. மீட்க முடியாது என்று அடோபி அறிவித்துவிட்டது.

என் விஷயத்தில் அப்படி எந்தச் சிதைவும் உதவிக்கு வரவில்லை. தொட்டியை விட்டும் போன படங்களை மேலே இருப்பவர்கள் திருப்பிக் கொடுப்பதில்லை. கூகுள் தன் சர்வர்களில் முழுதாக அழிய சுமார் இரண்டு மாதம், காப்புப் பிரதிகளில் ஆறு மாதம் வரை ஆகலாம் என்று எழுதி வைத்திருக்கிறது, ஆனால் அந்த ஆறு மாதம் நமக்காக இல்லை, அவர்களுடைய வசதிக்காக. புது ஃபோனின் உள்நினைவகத்திலிருந்து ஏதாவது தேறுமா என்று ஊரில் ஒரு ரிக்கவரி கடைக்காரரிடம் கேட்டேன், பாவம் நல்ல மனிதர், காசு வாங்காமலே கையை விரித்தார். இப்போதைய ஃபோன்கள் உள்ளே எழுதுவதை எல்லாம் மறைகுறியாக்கித்தான் எழுதுகின்றன, அழித்த கட்டங்களை ட்ரிம் என்ற கட்டளையால் துடைத்தும் விடுகின்றன. அதாவது 2021, 2022 மார்கழிகள் ஃபோனில் இல்லை. குடும்ப வாட்ஸாப் குழுவில் கோயம்புத்தூர் அண்ணி எதையும் நீக்காத புண்ணியவதி, அவர் ஃபோனில் 40 சொச்சம் கிடைத்தன, வாட்ஸாப் சுருக்கிய அளவில். புள்ளி எண்ணலாம், அது போதும் என்றாள் அம்மா.

ஆனால் 2020 மார்கழி குழு தொடங்குவதற்கு முந்தையது. அது பெரியம்மாவுக்கு மட்டும் போனது. அப்போதுதான் பழைய ஃபோனின் மெமரி கார்டு நினைவுக்கு வந்தது.

16 ஜிபி கார்டு, ஃபோனோடு சேர்ந்து பீரோ டிராயரில் மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இடத்தைக் காலி செய்ததற்குப் பிறகு அதில் யாரும் பெரிதாக எதுவும் எழுதவில்லை. அந்த அளவுக் கார்டுகளில் இருப்பது ஃபேட்32 என்ற, கோப்புகளைக் கணக்கு வைக்கும் பழைய ஏற்பாடு, அதில் அழிப்பது என்பது கிராமத்துக் கணக்குப்பிள்ளை வேலை. கோப்பின் பெயரில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈ5 என்ற பதினாறுமக் குறி ஒன்றைப் போடும். இந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் தொடர்கிறது என்ற சங்கிலிப் பட்டியலை அழிக்கும். அவ்வளவுதான். படம் இருந்த கட்டங்களைத் தொடவே தொடாது, வேறொன்று அங்கே குடியேறும்வரை பழைய ஆள் உள்ளேயே இருப்பான்.

இப்படிப்பட்ட கார்டைக் கண்டெடுத்தால் முதலில் செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் இருப்பது. ஃபோனில் போட்டுப் பார்க்காதீர்கள், ஃபோன் தன் பங்குக்கு எதையாவது எழுதும். நான் கார்டு ரீடரில் போட்டு, கார்டு முழுவதையும் பிட் பிட்டாக ஒரே கோப்பாகக் கணினிக்கு எடுத்துக்கொண்டு, அந்தக் கோப்பின் மேல் ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய இலவச மென்பொருள், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, பார்க்க 1990களின் ரயில்வே முன்பதிவு கவுண்டர் மாதிரி இருக்கும். பெயரையும் பட்டியலையும் அது நம்பாது. கட்டம் கட்டமாகப் போய் எங்காவது எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று ஆரம்பிக்கிறதா பார்க்கும், ஏனென்றால் எல்லா ஜேபெக் படமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். கிடைத்தால் அங்கிருந்து பிடித்து இழுக்கும்.

வேலையை ராத்திரி விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் 2,300 படம் எழுந்திருந்தது, பெயர்கள் எல்லாம் போய் ஒவ்வொன்றும் வெறும் எண். முருகன்களும் எழுந்துவிட்டார்கள், ஏழு பேரும். உள்ளே தோண்டியதில் அந்த மார்கழியின் 29 நாளில் 13 கோலம் முழுதாக. ஆறு கோலம் பாதியாக, அதாவது மேல்பாதி பளிச்சென்று, கீழ்ப்பாதி வெறும் சாம்பல். கோப்பு ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இல்லாமல் இரண்டு துண்டாகக் கிடந்திருக்கும், சங்கிலிப் பட்டியல் அழிந்ததால் இரண்டாவது துண்டு எங்கே என்று தெரியாது, ஜேபெக் மேலிருந்து கீழாகத்தான் விரியும் என்பதால் கிடைத்தவரைக்கும் விரிந்து நின்றுவிட்டது. மிச்சம் பத்தும் போனதுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது லேப்டாப்பை ஊஞ்சலில் வைத்து அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். முழுசாக வந்த 13ஐயும் பார்த்துவிட்டு, பாதியாக இருப்பவற்றை நான் மன்னிப்புக் கேட்கிற குரலில் திறந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள்.

"இது பதினஞ்சு புள்ளி, எட்டு வரை, இடுக்குப் புள்ளி. எட்டுல ஆரம்பிச்சு பதினஞ்சு வரைக்கும் வந்திருக்கே, அப்புறம் என்ன?"

"கீழ பாதி இல்லையேம்மா."

"கீழ அதேதாண்டா. பதினஞ்சுலேருந்து மறுபடி எட்டுக்கு இறங்கணும்."

பழைய டைரியை எடுத்துவரச் சொல்லி, புள்ளி வைத்து, திரையைப் பார்த்து மேல்பாதியைப் போட்டு, திரையைப் பார்க்காமலே கீழ்ப்பாதியையும் போட்டாள். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. இப்படியே அடுத்தது, அதற்கடுத்தது. ஐந்து கோலம் அன்று சாயங்காலத்துக்குள் முழுசாயிற்று. நானும் என் மூன்று ராத்திரியும் கறுப்புத் திரையும் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறாவதுதான் சிக்கியது. அது புள்ளிக்கோலம் இல்லை, அந்த வருஷம் டிசம்பர் 25 அன்று வந்த வைகுண்ட ஏகாதசிக்குக் கையால் வரைந்த சங்கும் சக்கரமும். சக்கரத்தின் நெருப்பும் சங்கின் முனையும் மட்டும் தெரிந்தன, கீழே சாம்பல். சங்குக்கு அடியில் என்ன வைத்தோம், தாமரையா நாமமா என்று அம்மாவுக்கு நினைவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உன் பெரியம்மாவுக்கு அனுப்பினேனே. அவ ஃபோன்ல இருக்கும், கேளு."

நான் கேட்கவில்லை, அம்மாவே வாசலில் நின்று அடுத்த தெருவுக்குக் குரல் கொடுக்காத குறையாக ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் பெரியம்மா குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"சங்கு சக்கரமா? இருந்துதே, நன்னா ஞாபகம் இருக்கு. உம் புள்ளைதான் ஆடில வந்தப்போ எல்லாத்தையும் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டானே. நல்ல பையன். ஃபோன் இப்ப எவ்வளவு வேகமா இருக்கு தெரியுமோ!"